வைத்தியப் படிப்பும் ஏழை வீட்டுக் கணக்கும்

(ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் பொதுவாகப் பகுத்தறிவைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கூட்டம் துவங்குவதற்கு முன் நாம் வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இவ்வூர்த் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, "அய்யா, என் மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். நன்றாகவும் படிக்கிறாள். நமக்கு இருப்பது அரைக்காணி நிலமும் ஒரு கறவை மாடுந்தான். இதை நம்பி அவள் ஆசையை வளர்க்கலாமா, அல்லது இப்போதே அடக்கிவிடலாமா?" என்று கேட்டார். நாம் பேச வந்த விஷயத்தைவிட அவர் கேட்ட கேள்வி பெரிதென்று நமக்குப் படுகின்றது. ஆகவே தலைவரவர்களின் அனுமதியோடு, இன்றையப் பேச்சு முழுவதையும் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே வைத்துக்கொள்ளுகின்றோம். பகுத்தறிவு என்பது வானத்துச் சாமிகளைப் பற்றி வாதாடுவதற்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. மடியில் இருக்கும் காசை எண்ணிப் பார்ப்பதற்கும் அதுதான் வேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். அப்பெண்ணின் ஆசையை அடக்க வேண்டாம். அரைக்காணி நிலத்தை விற்கவும் வேண்டாம். ஆனால் மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். நமக்குள்ள உரிமை இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கடன் வாங்கினால் அளந்து வாங்க வேண்டும். வீட்டுச் செலவை எழுதிப் பார்க்க வேண்டும். இம்மூன்றையும் செய்யாதவன் நிலத்தை விற்றாலும் கரையேற மாட்டான்.

தோழர்களே! வைத்தியக் கல்லூரிக்குள் நம்மவர்கள் கால் வைத்ததே எப்படி என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1920-களில் நீதிக் கட்சி ஆட்சியின்போது தலையெடுத்த வகுப்புவாரி உத்தரவு பிற்பாடு கல்லூரிகளுக்கும் வந்தது. 1951-ம் ஆண்டு வழக்குக்கு வந்த உத்தரவின்படி, நிரப்பப்படும் ஒவ்வொரு 14 இடங்களிலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. வைத்தியக் கல்லூரி இடம் சம்பந்தமாகச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், அவ்வுத்தரவு செல்லாது என்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பலனாக, அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. ஆகவே இந்த இடங்கள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. கேட்டும், வழக்காடியும், தெருவில் நின்றும் வாங்கியவையாகும்.

ஆனால் அந்த ஒரு மதிலைத் தாண்டியவுடன் பணம் என்னும் இரண்டாவது மதில் நிற்கின்றது. முதல் மதிலைப் பற்றி நம் மேடைகளில் நூறு முறை பேசியிருக்கின்றோம். இரண்டாவதைப் பற்றிப் பேசியது குறைவு. அக்குறையைத் தீர்க்கவே இன்று கணக்குப் பேசுகின்றோம்.

படிப்பு என்ன விலை? 2020-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டு சர்க்கார் வைத்தியக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்பவர் ஆண்டொன்றுக்குக் கட்ட வேண்டிய தொகை சுமார் 13,600 ரூபாய். அதில் போதனைக் கட்டணம் என்பது 4,000 ரூபாய்தான். அதே காலத்தில் தனியார் கல்லூரியின் சர்க்கார் ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு. ஒரே பாடம், ஒரே பட்டம். விலை மாத்திரம் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகையால் "டாக்டர் படிப்புக்கு லட்சம் லட்சமாக வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது பிசகு. எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு என்று கேட்காமல் பயப்படுகிறவன், வழியைக் கேட்காமல் தூரத்துக்குப் பயப்படுகிறவன் ஆவான்.

இந்தப் பயம் என்ன செய்யும் என்பதற்கு நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகின்றோம். 2019-ம் ஆண்டில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகளுக்கு, அவள் எடுத்த மார்க்கினாலேயே சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அந்நேரம் பார்த்து ஒரு தரகன் வந்து, "இடத்தை உறுதிசெய்து தருகிறேன்" என்று 1 லட்சம் ரூபாய் கேட்டான். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 2 லட்சம் வாங்கினார்கள். தரகனுக்கு 1 லட்சம் போயிற்று. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டபடி கிடாய் வெட்டி ஊரைக் கூட்டிச் சோறு போட்டதில் 50,000 போயிற்று. மீதியில்தான் கட்டணமும், துணியும், புத்தகமும். இப்போது கணக்கைப் பாருங்கள். 2 லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 6,000; ஆண்டுக்கு 72,000. அப்பெண் ஐந்தாண்டுக்கும் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதோ 68,000! ஐந்து வருஷப் படிப்பின் விலையை ஒரே வருஷ வட்டியாகக் கொடுத்தார்கள். தரகன் விற்றது அவளுடைய சொந்த மார்க்கை. வாங்கியது அவளுடைய சொந்தத் தகப்பனார். இதைவிட மோசடி வேறென்ன வேண்டும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். எம்.பி.பி.எஸ். இடம், சர்க்கார் கல்லூரியானாலும் தனியார் கல்லூரியானாலும், நிர்வாக ஒதுக்கீடானாலும், நீட் பரீட்சையின் வரிசைப்படி பொதுக் கலந்தாய்வில்தான் கிடைக்கும். ஆகவே "நான் வாங்கித் தருகிறேன்" என்று எவன் வந்தாலும் அவன் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை என்ற பெயரால் கட்டணத்துக்கு மேல் பணம் பறிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றார்கள்.

நிற்க, உதவித்தொகை விஷயத்துக்கு வருவோம். முன் காலத்தில் இதற்கு "உபகாரச் சம்பளம்" என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரே விஷமமான பேர். யார் யாருக்குச் செய்யும் உபகாரம் என்று கேட்கின்றோம். தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் கூலிக்காரன் வரி கொடுக்கின்றான். அந்த வரியில் கல்லூரி கட்டி, ஆஸ்பத்திரி கட்டி, உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றார்கள். அக்கல்லூரியில் குறைந்த கட்டணம் கட்டிப் படிக்கும் பணக்காரன் பிள்ளையும் அந்தக் கூலிக்காரன் காசில்தான் படிக்கின்றான். அவனை யாராவது "உபகாரத்தில் படிக்கிறவன்" என்று சொல்லுகின்றார்களா? இல்லையே! ஏழைப் பிள்ளை மனுப்போட்டு 4,000 ரூபாய் வாங்கினால் மாத்திரம் அது பிச்சையாகிவிடுமா? சக மாணவர்கள் ஏளனம் செய்வார்களே என்று கூசி, கிடைக்க வேண்டிய பணத்துக்கு மனுப்போடாமல் இருந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். அது மானமல்ல. பிறர் கற்பித்த கூச்சத்தை மானம் என்று எண்ணி ஏமாந்த ஏமாளித்தனமாகும்.

என்னென்ன உண்டு? தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு மெட்ரிக் பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை உண்டு. 1944-ம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தொடங்கியது அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்களுக்கும் பராமரிப்புக்கும் உதவும்படி அமைந்தது. ஆனால் 2018-ம் ஆண்டு விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை விலக்கிவிட்டன. இது தெரியாமல் இடத்தைப் பிடித்துவிட்டுப் பின்னால் உதவித்தொகையைத் தேடியவர்கள் தவித்தார்கள். இரண்டாவதாக, குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால், கலந்தாய்வு மூலம் சேரும் முதல் பட்டதாரிக்குப் போதனைக் கட்டணச் சலுகை என்று தமிழ்நாட்டில் 2010-ல் ஏற்பட்டது. மூன்றாவதாக, சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கிற்று. அது நம் இயக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரால் ஏற்பட்ட உயர்கல்வித் திட்டமாகும். 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கும் அவ்விதமே ஒன்று வந்தது.

எல்லாவற்றிலும் பெரியது 2020-ம் ஆண்டுச் சட்டம். 2017 முதல் பிளஸ் டூ மார்க்கு போதாது, நீட் மார்க்குதான் கணக்கு என்று ஆனபின், பணம் கொடுத்துத் தனிப் பயிற்சி பெற முடியாத சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிக்குள் காணாமலே போனார்கள். அதற்குப் பரிகாரமாக, 6 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்து நீட்டிலும் தேறியவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் என்று சட்டம் செய்தார்கள். முதல் ஆண்டே பல் வைத்தியம் சேர்த்து ஏறக்குறைய 400 இடம் கிடைத்தது. ஆனால் நடந்ததைக் கேளுங்கள்! அந்த நவம்பர் மாதக் கலந்தாய்வில், தனியார் கல்லூரி இடம் கிடைத்த சில ஏழைப் பிள்ளைகள், லட்சக் கணக்கில் கட்ட வழியில்லை என்று கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் கண்ணீரோடு திரும்பினார்கள். அதன் பிறகுதான், அவர்களுடைய கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடம் கொடுத்துப் பணம் கொடுக்காவிட்டால், இலையைப் போட்டுச் சோறு போடாதது போலத்தான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இதில் பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளையை, பதினோராம் வகுப்பில் கௌரவத்துக்காகக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கின்றீர்கள். சேர்த்த அன்றைக்கே இந்த ஏழரையின் உரிமை போய்விடுகின்றது. காசும் போய் உரிமையும் போவதற்கு இரட்டை நஷ்டம் என்றல்லவா பேர்?

இனிக் கடனைப் பற்றிப் பேசுவோம். கடன் என்றாலே கேவலம் என்பவர்களும் இருக்கின்றார்கள். எவ்வளவானாலும் டாக்டரானதும் அடைத்துவிடலாம் என்பவர்களும் இருக்கின்றார்கள். இருவரும் கணக்குப் பார்க்காதவர்களே.

பாங்கிகளின் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. 2015-ல் ஏற்பட்ட உத்தரவாத நிதியின் கீழ் ஏழரை லட்சம் வரை அடமானமும் மூன்றாம் பேர் ஜாமீனும் இல்லாமல் கொடுக்க வழி உண்டு. அதற்குமேல் போனால் பெரும்பாலும் சொத்து கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தவணை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009-ல் தொடங்கிற்று. 2024 நவம்பரில் அங்கீகரித்த புதிய திட்டத்தில், தரம் குறிக்கப்பட்ட கல்லூரிகளில் படிக்கும் 8 லட்சத்துக்குட்பட்ட வருமானக்காரர் பிள்ளைகளுக்கு, 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை வைத்தார்கள். பாங்கி ஏஜெண்டு "முடியாது" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கேட்கிறவனுக்கும் கெஞ்சுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. ஆண்டுக்கு ஒன்றரை லட்சமாக ஐந்தாண்டில் ஏழரை லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவிகிதம் என்போம். வட்டிச் சலுகை எதுவும் இல்லையென்றால், ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது வட்டியாக மாத்திரம் 3,37,500 சேர்ந்து, கடன் 10,87,500 ஆகிவிடும். அதை 15 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 11,700. மொத்தத்தில் ஏறக்குறைய 21 லட்சம் கட்டியிருப்பீர்கள். அதுவே, படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டி வந்தால் — முதல் ஆண்டு மாதம் 1,250, இரண்டாம் ஆண்டு 2,500, இப்படி ஏறி ஐந்தாம் ஆண்டு 6,250 — கடைசியில் சுமார் 3 லட்சம் மிச்சமாகும். இனி, இதே ஏழரை லட்சத்தை ஊர் லேவாதேவிக்காரனிடம் மூன்று வட்டிக்கு வாங்கினால், மாதம் 22,500 வட்டிக்கே போகும்; அசலில் ஒரு காசு குறையாது. பாங்கிக் கடன் மலை என்றால், லேவாதேவிக் கடன் குழி. மலையை ஏறி இறங்கலாம். குழியில் விழுந்தவன் கதி என்ன?

ஆகவே கடனுக்கு நாம் சொல்லும் விதி இதுதான். உதவித்தொகை எல்லாம் வாங்கிக் குறைந்ததற்கு மாத்திரம் கடன். பாங்கியில் மாத்திரம் கடன். சிறு டாக்டர் உத்தியோகத்தின் சம்பளத்திலேயே அடைக்கக்கூடிய அளவுக்கு மாத்திரம் கடன். நிர்வாக ஒதுக்கீட்டுக்காக வீட்டையும் நிலத்தையும் வைத்து அரைக்கோடி வாங்குவது படிப்பல்ல, சூதாட்டம். அப்படி வாங்கியவன் டாக்டரானதும் அந்தக் காசை எவன் வயிற்றிலிருந்து எடுப்பான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் வீட்டுக் கணக்கு. இதைச் சொன்னால் தாய்மார்கள் கோபிக்கக் கூடாது. தகப்பன்மார்கள்தான் முதல் குற்றவாளிகள். பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்று பந்தல், மேளம், விருந்து, பெரிய பெரிய படம். பையனுக்குக் காதுகுத்து. ஊருக்கு மொய். "வைத்தியப் படிப்புக்கு ஜாதகத்தில் யோகம் இருக்கிறதா" என்று பார்க்க ஜோசியனுக்குத் தட்சணை. யோகம் இல்லை என்றால் பரிகாரத்துக்குச் செலவு. இவ்வளவுக்கும் கடன் கிடைக்கின்றது. கட்டணத்துக்கு மாத்திரம் கிடைக்கவில்லை! பத்து வருஷத்தில் இந்தச் சடங்குகளுக்கு உங்கள் வீட்டில் ஆன செலவை இன்றிரவு ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 2020-ம் ஆண்டு வாக்கில் சர்க்கார் கல்லூரியின் ஐந்தாண்டுக் கட்டணமாக இருந்த 68,000-த்தை அது எத்தனை முறை தாண்டியிருக்கின்றது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுவீர்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லுகின்றோம். முதலாண்டில் எல்லாப் புத்தகங்களையும் புதிதாக வாங்க வேண்டிய அவசியமில்லை. மேல் வகுப்புக்காரர்களிடம் பழைய புத்தகமும், படிப்பதற்கான எலும்புகளும் பாதி விலைக்குக் கிடைக்கும். மீதி நூல்நிலையத்தில் இருக்கும். வெள்ளை அங்கியும் ஸ்டெதாஸ்கோப்பும் விலையுயர்ந்ததாக இருந்தால் நோயாளிக்குச் சீக்கிரம் குணமாகிவிடாது. விடுதிச் சாப்பாட்டுச் செலவை மாதாமாதம் எழுதுங்கள். மாதம் 2,000 ரூபாய் மிச்சமானால் ஆண்டுக்கு 24,000 கடன் குறையும். தகப்பனார் எருமைப்பால் விற்று அனுப்பும் பணத்தில் சிநேகிதர்களுக்கு விருந்து வைப்பது தாராளமல்ல, மறதி.

கடைசியாக ஒன்று. கடனைப் பற்றிப் பேசும்போது பலர் மனதில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லாத ஒன்று உண்டு. "பையன் டாக்டரானால் நூறு பவுனும் காரும் வரும், அதில் கடனை அடைத்துவிடலாம்" என்பதே அது. வெட்கக்கேடு! 1961-லேயே வரதட்சிணை சட்டப்படி குற்றமாகிவிட்டது. ஊரார் வரிப் பணத்தில் படித்தவன், தன் கடனை இன்னொரு வீட்டுப் பெண்ணின் கழுத்திலிருந்து அடைப்பது என்றால், அவன் வைத்தியனா, கொள்ளைக்காரனா? அதே வீட்டில் பெண் பிள்ளை நன்றாகப் படித்தால், "இவளுக்கு நகை சேர்க்கவே காசில்லை, படிப்பு எதற்கு?" என்கின்றார்கள். நகைக்குச் சேர்ப்பதைக் கட்டணத்துக்குக் கட்டினால், அவளுக்கு நகையே வேண்டியிராது என்பது இவர்கள் புத்திக்கு எட்டுவதில்லை.

ஆகவே, திண்ணையில் கேள்வி கேட்ட தோழருக்குச் சொல்லுகின்றோம். பெண்ணை இப்போது படிக்கும் சர்க்கார் பள்ளியிலேயே பன்னிரண்டு வரை படிக்க வையுங்கள். வருமானச் சான்று, ஜாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தாலுக்கா ஆபீசில் உரிய காலத்தில் மனுப்போட்டு வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் தரகன்தான் எதிரே நிற்பான். அவள் பேரில் பாங்கியில் கணக்கு ஒன்று ஆரம்பியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கை அவளையே எழுதச் சொல்லுங்கள். சர்க்கார் கல்லூரி கிடைக்காமல் தனியார் இடம் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மொத்தச் செலவு என்ன, உதவித்தொகை என்ன, குறைவது என்ன என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால் இன்னும் ஓராண்டு முயலுவதோ, வேறு நல்ல படிப்புக்குப் போவதோ தோல்வியல்ல. கணக்கு ஒத்து வராத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதுதான் தோல்வி.

வாசகசாலைத் தோழர்களுக்கும் ஒரு வேலை வைத்துவிட்டுப் போகின்றோம். இச்சுவரில் தலைவர்கள் படம் நிறைய மாட்டியிருக்கின்றீர்கள். சந்தோஷம். பக்கத்தில் ஒரு பலகையும் மாட்டுங்கள். எந்த உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் மனுப்போட வேண்டும், என்னென்ன சான்று வேண்டும் என்று அதில் ஆண்டுதோறும் எழுதுங்கள். விதிகள் மாறும், ஆகவே ஒவ்வொரு ஆண்டும் விசாரித்து எழுதுங்கள். மனு எழுதத் தெரிந்த இரண்டு தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே உட்காருங்கள். அந்த நெசவாளிக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் தரகனுக்குக் கொடுத்த ஒரு லட்சமும், ஆண்டுக்கு 72,000 வட்டியும் மிஞ்சியிருக்கும்.

உங்கள் பெண்ணும் பையனும் வைத்தியராகத் திரும்பி வரும் நாளில், கடன்காரனுக்கும் பயப்படாமல், மாமனார் வீட்டுப் பணத்துக்கும் காத்திராமல், இவ்வூர் ஏழையின் நாடியை நிமிர்ந்து நின்று பிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய கணக்கை இன்றிரவே துவங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.